உள்ளே யாருக்கு இவ்வளவு நேரம்?

நீங்கள் கடைசியாக வரிசையில் நின்று சண்டை போட்டது எப்போது? ரேஷன் கடையிலா, ரயில்வே கவுன்ட்டரிலா? நான் போட்டது 2019-ல், ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில். சண்டை டாக்டரோடு இல்லை. அந்த தைரியம் ஏது? வாசலில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்த பணியாளரோடுதான்.

கூட வந்தவர் என் சித்தப்பா. கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் பி.காம். சேர்ந்ததற்கு அவர்தான் காரணம். ப்ளஸ் டூ லீவில் திண்ணையில் உட்காரவைத்து, ‘ஒரு பக்கம் பற்று எழுதினா இன்னொரு பக்கம் வரவு இருந்தே ஆகணும்டா. இல்லேன்னா எங்கேயோ தப்பு நடந்திருக்கு’ என்று இரட்டைப் பதிவு முறையை ஒரே வாக்கியத்தில் முடித்தவர். கல்லூரியில் அதை மூன்று வருடம் இழுத்தார்கள்.

சித்தி போய் ஏழு மாதம். முதலில் தூக்கம் குறைந்தது. அப்புறம் பேச்சு. பேப்பர் படிப்பதை நிறுத்தினார். தட்டில் வைத்ததைப் பாதி தின்று எழுந்துபோனார். ‘துக்கம், சரியாயிடும்’ என்று நாங்களும் இருந்துவிட்டோம். டாக்டரிடம் போகலாம் என்று முடிவானபோது, தனியார் க்ளினிக் வேண்டாம் என்று அவரே சொன்னார். அது கடைவீதியில், கொட்டை எழுத்து போர்டோடு இருந்தது. பெரியாஸ்பத்திரி என்றால், யாராவது பார்த்தாலும் சர்க்கரைக்கு வந்தேன், மூட்டுவலிக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமாம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சினிமாவில் சிரித்துச் சிரித்து வளர்ந்த தலைமுறை இல்லையா நாம்? 1794-ல் தொடங்கியதாக வரலாறு சொல்லும் ஒரு மருத்துவமனையின் முகவரியை வசவுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

எங்கள் டோக்கன் 37. அன்றைக்கு மொத்தம் 72.

பெஞ்சில் இடம் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு நின்றோம். ஆள் ஆளுக்கு உள்ளே போய் இரண்டு நிமிடம், மூன்று நிமிடத்தில் வெளியே வந்தார்கள். 29-ம் எண்ணைக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பெண். சாயம் போன சுடிதார். கூட வந்த அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. பத்து நிமிடம். இருபது நிமிடம். முப்பது.

வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. அதிகமாக முணுமுணுத்தது யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். பணியாளரிடம் போய், ‘உள்ள என்ன, கதையா கேக்கறாங்க?’ என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. அவர் சிரித்து நாளாயிற்று.

கை சும்மா இருக்குமா? ஓ.பி. சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை 240 நிமிடம். 72 பேர். ஆளுக்கு 3 நிமிடம் 20 விநாடி. இதில் ஒருத்திக்கே 40 நிமிடம் என்றால், மிச்சமிருக்கும் 71 பேருக்கும் ஆளுக்கு 2 நிமிடம் 49 விநாடி. அதாவது, அந்தப் பெண் எங்கள் ஒவ்வொருவர் பையிலிருந்தும் 31 விநாடி எடுத்துவிட்டாள்!

எங்கள் முறை வந்தது. டாக்டர் ஒரு அம்மா, ஐம்பதை நெருங்குகிற வயது. சித்தப்பாவைப் பார்த்து, ‘சொல்லுங்க ஐயா’ என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் பற்றி ஒரு கேள்வி, சாப்பாடு பற்றி ஒரு கேள்வி. மாத்திரை எழுதினார். நோட்டின் மூலையில் சிவப்புப் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். பேனா எழுதுகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து வாட்சைப் பார்த்தால், இரண்டு நிமிடம் சொச்சம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மாத்திரை வாங்கும் இடத்துக்குப் போகிற வழியில் ஒரு இளைஞர் எங்களை நிறுத்தினார். மருத்துவமனையின் சமூகப் பணியாளர். நோட்டை வாங்கி அந்த வட்டத்தைப் பார்த்தார். ‘ஐயா, ரெண்டு நிமிஷம் இப்படி உக்காருங்களேன்’ என்று சித்தப்பாவை வராண்டாவின் கோடியிலிருந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போனார். என்னை வரவேண்டாம் என்று கையைக் காட்டினார். தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சித்தப்பாவின் உதடு அசைந்தது.

கால் மணி நேரம் கழித்து அந்த இளைஞர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: ‘அவருக்கு உயிரோட இருக்கப் பிடிக்கலை சார். அதை உங்ககிட்ட சொல்லலாம்னு அவரே சொல்லிட்டார். ஒரு வாரம் தனியா விடாதீங்க. மாத்திரையை நீங்க வச்சுக்கிட்டு வேளாவேளைக்குக் குடுங்க. அடுத்த வாரம் டாக்டர் இவர்கூட தனியா பேசுவாங்க.’

எனக்குக் கால் நடுங்கியது. ஏழு மாதமாக ஒரே வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியாததை, இரண்டு நிமிடத்தில் அந்த டாக்டர் சந்தேகப்பட்டு வட்டம் போட்டிருக்கிறார்.

இங்கே நிறுத்திவிட்டு, ‘ஆகவே டாக்டர்கள் தெய்வம்’ என்று முடித்துவிடலாம். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 40 நிமிடம் பற்று எழுதியாயிற்று. வரவு எங்கே? யாருடைய நேரம் அது?

ஆளுக்கு 31 விநாடி என்று நான் போட்ட கணக்கு தப்பு. விநாடிகள் அப்படிச் சமமாகப் பிரிந்து போவதில்லை. 40 நிமிடத்தை 3 நிமிடம் 20 விநாடியால் வகுத்தால் சரியாக 12 வரும். பன்னிரண்டு பேர். அவர்கள் வரிசையின் கடைசியில் நிற்பவர்கள். கடைசியில் ஏன் நிற்கிறார்கள்? சோம்பேறிகளா? எனக்கு ஆட்டோவில் பத்து நிமிடம், எட்டரைக்கு வந்து 37 வாங்கிவிட்டேன். இரண்டு பஸ் மாறி, பத்து மணிக்கு மேல் வந்து சேர்கிறவருக்கு அறுபதுக்கு மேல்தான் கிடைக்கும். திரும்பிப் போக மதியம் ஒரு பஸ், அதை விட்டால் சாயங்காலம். ஆக, ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கிற நேரம் அநேகமாக தூரத்து கிராமத்துக்காரரிடமிருந்துதான் போகிறது.

நியாயத்தில் பல வகை உண்டு. ரேஷன் கடை நியாயம் ஒன்று. கார்டுக்கு இவ்வளவு என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் அதே தராசில் நிறுப்பது. அம்மா நியாயம் இன்னொன்று. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மடி, மற்ற பிள்ளைகளுக்குப் பாய். சமமானவர்களைச் சமமாகவும், சமமில்லாதவர்களை அந்த வித்தியாசத்துக்கு ஏற்பவும் நடத்த வேண்டும் என்ற பொருளில் அரிஸ்டாட்டிலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வித்தியாசத்தை யார் அளப்பது? எந்தத் தராசில்?

இதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில், லாரியில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் நாம் யாரும் டோக்கன் கேட்பதில்லை. ஒதுங்கி வழி விடுகிறோம். ரத்தம் தெரிகிறது. மனநலப் பிரிவில் ரத்தம் தெரியாது. சாயம் போன சுடிதார்தான் தெரியும். ‘இவளுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கா?’ என்று வரிசை நினைக்கும். டாக்டர் எழுந்து வந்து, ‘இந்தப் பெண்ணுக்கு இன்ன கஷ்டம், அதனால் நேரம் ஆகிறது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வோம். அவள் வாழ்க்கையும் அன்றோடு முடியும்.

சொல்லக்கூடாது. சட்டமே சொல்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு, நோயாளியின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. இன்னொருவருக்குத் தீங்கு நேராமல் தடுக்க, உயிருக்கு ஆபத்து வராமல் தடுக்க, கோர்ட் உத்தரவிட்டால், இப்படிச் சில. வரிசையில் நிற்கிற பி.காம். பட்டதாரியின் ஆத்திரத்தைத் தணிப்பதற்காக என்று அதில் எதுவும் இல்லை.

இதில் எவ்வளவு பெரிய தர்மசங்கடம் இருக்கிறது, பாருங்கள். அரசு ஊழியர் என்றால் தன் ஒவ்வொரு முடிவுக்கும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஏன் இவருக்குக் கொடுத்தாய், ஏன் அவருக்குக் கொடுக்கவில்லை என்று யாரும் கேட்கலாம். தாசில்தார் அலுவலகத்தில் நாம் கேட்பது அதைத்தானே? ஆனால் அரசு மருத்துவமனையின் மனநல டாக்டர் பொதுச் சொத்தான நேரத்தை, பொதுவில் சொல்ல முடியாத காரணத்துக்காகக் கூட்டியும் குறைத்தும் பங்கிட வேண்டியிருக்கிறது. காரணம் நோயாளிக்குச் சொந்தம், அவச்சொல் மட்டும் டாக்டருக்குச் சொந்தம். நியாயமாக நடப்பவரும் அநியாயமாக நடப்பவரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிவார்கள். வேண்டியவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிற ஒருவரையும் இதே சாத்திய கதவு காப்பாற்றும் என்பதை மறுப்பதற்கில்லை.

பல மாதம் கழித்து, சித்தப்பாவின் கடைசி விசிட்டின்போது, ஓ.பி. முடிந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த அந்த டாக்டரிடம் இதைக் கேட்டேன். மணி இரண்டரை. பத்திரிகைக்காரன் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். ‘ஊரும் பேரும் வேண்டாம் சார்’ என்றார். சரி என்றேன்.

‘எல்லாருக்கும் மூணு நிமிஷம்னு பிரிச்சுக் குடுத்துட்டா எனக்கு நிம்மதி சார். யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா, மூணு நிமிஷத்துல சில பேருக்கு வாயே திறக்காது. திறக்கிற நேரத்துல பெல் அடிச்சா, அப்புறம் அவங்க எங்கேயும் திறக்க மாட்டாங்க.’

‘அப்ப மத்தவங்க?’

‘பாதிப் பேர் மாத்திரை வாங்க வர்றவங்க. ஒரு நிமிஷம் போதும்னு நினைப்பீங்க. எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் பயம். நல்லா இருக்கேன்னு சொல்வாங்க. போன மாசம் சொன்ன அதே குரல்ல சொல்றாங்களான்னு பார்க்கணும். தலை வாரியிருக்காங்களா, எப்பவும் சம்சாரத்தோட வர்றவர் ஏன் தனியா வந்திருக்கார்... எல்லாம் அதுக்குள்ள.’

இன்னொன்றும் சொன்னார். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தர இரண்டு முதல் நாலு வாரம் வரை ஆகும். பத்து நாளில் ‘இது கேக்கலை’ என்று நிறுத்திவிடுவார்கள். அதை முதல் நாளே உட்கார்ந்து விளக்க ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காதவர் மூன்று மாதம் கழித்து இன்னும் மோசமாகித் திரும்பி வருவார், அப்போது ஒரு மணி நேரம் வேண்டும். வியாபாரம் படித்தவனுக்கு இதைவிட எளிமையாக முதலீட்டைப் புரியவைக்க முடியாது.

‘அன்னிக்கு ஒரு பொண்ணுக்கு நாப்பது நிமிஷம் குடுத்தீங்களே?’ என்று லேசாக விட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி.

‘எந்தப் பொண்ணு?’ என்றார், தயிர்சாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்புறம் அவரே சொன்னார். ‘நிறைய நேரம் குடுத்தவங்களை வீட்டுக்குப் போய் நான் நினைக்கறதில்லை சார். சீக்கிரம் அனுப்பினவங்கதான் ராத்திரி வருவாங்க. உங்க சித்தப்பாவும் ஒரு ராத்திரி வந்தார்.’

இதை நான் வேறு விதமாகவும் யோசித்துப் பார்க்கிறேன். நேரம் கொடுக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்கு ஒருமுறை தெரிந்தது. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் காப்பகம் ஒன்றில் விடிகாலையில் கூரை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். நாமெல்லோரும் அப்போது ‘ஐயோ, சங்கிலியா!’ என்று பதறினோம். அந்தச் சங்கிலிகளில் கொடுமை மட்டும்தான் இருந்ததா? கூட உட்கார ஆள் கிடையாது, கேட்க ஆள் கிடையாது, அந்த இடத்தை நிரப்ப ஒரு சங்கிலி. மனித நேரத்துக்கு மாற்றாக உலகில் கிடைக்கிற மலிவான பொருள் அதுதான்.

இன்றைய சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. அரசு நடத்தும் மனநல சேவையை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் நாலே நாலு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் திருச்சியும் ஒன்று. அது பிறகு மாவட்டம் மாவட்டமாக விரிந்தது. 2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ வந்தது. இருபத்துநாலு மணி நேரமும் காசில்லாமல் தமிழில் பேசலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவும். எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால், 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருப்பதாகச் சொன்னது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை என்றும் சொன்னது. அப்படியானால் நான் பார்த்த 72 பேர் வரிசை என்பது வந்தவர்களின் வரிசை மட்டும்தான். வராதவர்களும் வந்து நின்றால் அது பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும்.

எனக்கு இதில்தான் கோபம். 72 பேருக்கு ஒரு டாக்டரை உட்காரவைத்தது நாம், அதாவது, நம் வரிப்பணமும் நாம் போட்ட ஓட்டும். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கிற பாவத்தை மட்டும் அந்த அம்மாவின் மனசாட்சியில் இறக்கிவைத்துவிட்டு, வெளியே நின்று கடிகாரத்தைப் பார்க்கிறோம். தட்டுப்பாட்டை உண்டாக்கியவர்களுக்கு நல்ல தூக்கம் வருகிறது. பங்கிடுகிறவருக்குத்தான் ராத்திரி ஆட்கள் வருகிறார்கள்.

சரி, அவர் 40 நிமிடம் கொடுத்தது சரியா, தப்பா? சரி என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகத்தான் நினைக்கிறேன். அதோடு அந்தப் பன்னிரண்டு பேருக்கு நடந்தது அநியாயம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. ஒன்று சரி என்றால் இன்னொன்று தப்பாக இருந்தே ஆகவேண்டும் என்பது நம் ஆசை. இதற்கு விளக்கமாக நான் சொல்லக்கூடியது, அடுத்த வாரம் நடந்ததைத்தான்.

சொன்னபடி போனோம். பத்தரைக்கு சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். ‘நீங்க இருங்க சார்’ என்றார் பணியாளர். என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. கதவு சாத்தப்பட்டது.

பத்து நிமிடம். இருபது. முப்பது. எனக்குப் பின்னால் வரிசை நெளிந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, ‘உங்க ஆளா சார் உள்ள? என்ன கதை சொல்றாரு இவ்வளவு நேரமா?’ என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன சொல்வது? சொல்லக்கூடாது என்பது இருக்கட்டும், சொல்ல எனக்கே ஒன்றும் தெரியாது.

சுவரோரம் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முப்பது வயது மகன், அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தான். டோக்கன் 66. பன்னிரண்டு பத்துக்கு பஸ் என்று பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு முறை சொன்னார். பணியாளரிடம் போய்க் கேட்டார். அவர் கையை விரித்தார். பதினொன்றே முக்காலுக்கு அந்த அம்மா எழுந்தார். ஓ.பி. சீட்டை நாலாக மடித்து சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். ‘அடுத்த வாரம் வந்துக்கறோம்’ என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

சித்தப்பா உள்ளே இருந்தது ஐம்பது நிமிடம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. முகம் கழுவிக்கொண்டார். இத்தனை வருடத்தில், ‘என்ன பேசினே?’ என்று வீட்டில் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்த்துவிட்டோம். ‘ஒண்ணுமில்லடா, சும்மா பேசிட்டிருந்தோம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

கேட்டுக்கு வெளியே வந்ததும், ‘ஒரு டீ சாப்பிடலாமா?’ என்றார். ஏழு மாதத்தில் அவராக எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. எதிர்க்கடையில் வாங்கிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார். ‘சர்க்கரை கொஞ்சம் தூக்கல்’ என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் நிழற்குடை. அந்த அம்மாவும் மகனும் அங்கே நின்றிருந்தார்கள். பன்னிரண்டு பத்து பஸ் இன்னும் வரவில்லை.